படகுகளுக்கு அளவெடுத்த ஒற்றைக் கை ஓவியர்!

பாம்பன் சாலைப் பாலத்தில் எந்த நேரம் போனாலும் நாலு கார் ஓரங்கட்டி நிற்கும். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. நடுவில் ஒரு பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பி, கப்பலுக்கு வழிவிடும் பாலம் ஆயிற்றே! எல்லோர் செல்போனும் அதையே பார்த்துக் கொண்டிருக்கும். ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு, ராமேஸ்வரம் நோக்கிக் கிளம்பிவிடுவார்கள்.

அந்தப் படங்களில் இன்னொன்றும் விழுந்திருக்கும். கீழே நீலத் தண்ணீரில் வரிசையாகக் கட்டி நிற்கிற படகுகள். பச்சை, நீலம், மஞ்சள் எனச் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் குறைவு.

இன்று அங்கே நிற்பவை பெரும்பாலும் விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும்தான். இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதே கரையில் பாய் விரித்து ஓடிய வள்ளமும் வத்தையும் எப்படி இருந்தன? எத்தனை முழ நீளம்? பலகையை எப்படி இணைத்தார்கள்? பாய் என்ன வடிவம்? கரையோர வீடுகளில் பெரியவர்களைக் கேட்டால் கையை விரித்துக் காட்டுவார்கள், மணலில் கோடு போட்டும் காட்டுவார்கள். வரைபடம் இருக்கிறதா என்றால், இருக்காது. நம் படகுகள் காகிதத்தில் பிறந்தவை அல்ல. கட்டும் ஆசாரியின் கண்ணிலும் கையிலும் பிறந்தவை. அந்தக் கண்ணும் கையும் போனால் படகும் போய்விடும்.

இந்தக் கவலை கிட்டத்தட்ட 190 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்கு வந்தது. அவர் தமிழர் அல்லர். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. பென்சிலும் நீர்வண்ணமும் அளவுக் கயிறுமாக உலகத்தை மூன்று முறை சுற்றியவர். போன கரைகளில் எல்லாம் உள்ளூர்ப் படகுகளை வரைந்தவர். அந்த வேலைக்கு நடுவில் தன் இடது கையை இழந்தவர்.

அவர் கையை இழந்த இடம் எது தெரியுமா? நம்முடைய பரங்கிப்பேட்டை!

பேரும் பாரிஸ், ஊரும் பாரிஸ்!

அவர் பெயர் பிரான்சுவா எட்மோன் பாரிஸ். பிறந்ததும் பாரிஸ் நகரில்தான், 1806-ல். குழப்பம் வேண்டாம், எட்மோன் என்றே வைத்துக்கொள்வோம்.

பள்ளி வயதிலேயே கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார் எட்மோன். 20 வயதில் முதல் உலகப் பயணம். 'அஸ்ட்ரோலாப்' என்ற கப்பல், கேப்டன் துமோன் துர்வில். சுமார் 40 ஆண்டுகளுக்கு முன் காணாமல் போயிருந்த லா பெரூஸ் என்ற பிரெஞ்சு மாலுமியின் கப்பல்களைத் தேடிப் போன பயணம் அது. பசிபிக் கடலின் வனிகோரோ தீவில் உடைந்த கப்பலின் மிச்சங்களைக் கண்டுபிடித்தார்கள். பயணம் முடிந்து 1829-ல் திரும்பும்போது, எட்மோனின் மனத்தில் தங்கியிருந்தவை தீவுக்காரர்களின் படகுகள்.

அடுத்த பயணம் 'ஃபேவரிட்' என்ற கப்பலில், கேப்டன் லாப்லாஸ் தலைமையில். 1832-ல் முடிந்த அந்தப் பயணத்தில்தான் சோழமண்டலக் கரை எட்மோனின் கண்ணில் பட்டது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். மதராஸ் ஆங்கிலேயர்களின் ஊர். இரண்டு ஊர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் துறைமுகம் கிடையாது!

ஆணி இல்லாத படகு

இன்று நம்பக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிற கப்பல் எதுவும் மதராஸ் கரையையோ புதுச்சேரிக் கரையையோ தொட முடியாது. கடலில் தள்ளியே நங்கூரம் போட வேண்டும். நடுவில் மூன்று வரிசையாக உருண்டு வருகிற அலைகள். ஐரோப்பியரின் உறுதியான படகை அதில் இறக்கினால், தரையில் மோதிப் பிளந்துவிடும். கவர்னரே வந்தாலும் உள்ளூர்க்காரர்களின் படகில் ஏறித்தான் கரை சேர வேண்டும்.

அந்தப் படகுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் மசூலா. தமிழில் சலங்கு. அதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலாங்' என்று சொன்னார்கள். அதில் இரும்பு ஆணியே கிடையாது! பலகைகளில் வரிசையாகத் துளை போட்டு, இடையே நார் வைத்து அடைத்து, கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே குறுக்குச் சட்டமும் இருக்காது. அதனால் அலை அடிக்கும்போது படகு மொத்தமாக வளைந்து கொடுக்கும். விறைப்பான படகு உடைந்துபோகும் இடத்தில், தைத்த படகு தப்பித்து வரும்.

பக்கத்திலேயே கட்டுமரம். நாலைந்து மரங்களைச் சேர்த்துக் கட்டினால் முடிந்தது. கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களை வெயிலில் காயவைப்பார்கள், மறுநாள் மறுபடி கட்டுவார்கள். இன்று ஆஸ்திரேலியா வரை ஓடுகிற நவீன இரட்டை உடல் படகுகளுக்கும் 'கேட்டமரான்' என்றுதான் பெயர். உலகம் முழுக்கப் போன நம் சொல் அது.

இந்தப் படகுகளை மற்ற ஐரோப்பிய ஓவியர்களும் வரைந்திருக்கிறார்கள். 1792-ல் மதராஸுக்கு வந்த தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் அதில் பிரபலம். கோட்டையும் அலையும் படகுமாக அவர்களின் படங்கள் கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு தச்சரால் படகு கட்ட முடியாது. அங்கே படகு வெறும் அழகு.

எட்மோன் வேறு மாதிரி வரைந்தார். துணி தைக்க வருகிறவரைத் தையல்காரர் அளவெடுப்பது போல, படகை அளவெடுத்தார். பக்கவாட்டில் ஒரு படம். மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒரு படம். குறுக்கே வெட்டினால் எப்படியிருக்கும் என்று ஒரு படம். பலகையின் தையல், துடுப்பு, சுக்கான், பாய், பாயை இழுக்கும் கயிறு எல்லாம் தனித்தனியாக. கூடவே நீர்வண்ணத்தில், அந்தப் படகு கடலில் ஆட்களோடு போகும் காட்சி.

கப்பலில் வேலை செய்கிறவருக்கு நீர்வண்ணம்தான் தோது. எண்ணெய் வண்ணம் காயவே நாட்கள் ஆகும். நீர்வண்ணத்துக்கு ஒரு சின்னப் பெட்டி, கொஞ்சம் நல்ல தண்ணீர், காகிதம் போதும். பென்சில் கோட்டின் மேல் மெல்லிய வண்ணம் ஓடும்போது கோடும் மறையாது, அளவும் மறையாது. நனைந்த மரம் ஒரு நிறம், காய்ந்த மரம் வேறு நிறம். இரண்டு மூன்று பூச்சில் காட்டிவிடலாம்.

பரங்கிப்பேட்டையில் நடந்தது

மூன்றாவது பயணம் 1837-ல் தொடங்கியது. கப்பலின் பெயர் 'ஆர்தெமிஸ்'. தலைமை மறுபடியும் லாப்லாஸ். எட்மோனுக்கு வயது 31. கப்பல் மீண்டும் சோழமண்டலக் கரைக்கு வந்தது.

எட்மோனுக்குப் படகுகள் மேல் இருந்த பிரியம் அளவுக்கு இன்னொன்றின் மேலும் பிரியம் இருந்தது. நீராவி இயந்திரம்! கடலின் எதிர்காலம் அதில்தான் இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். எங்கே இயந்திரம் இருந்தாலும் போய்ப் பார்த்துவிடுவார்.

புதுச்சேரிக்குத் தெற்கே, வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் பரங்கிப்பேட்டை. அங்கே 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பெரிய இரும்பு உருக்காலை ஒன்றைத் தொடங்கியிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு இரும்பில் இறங்கியவர் அவர். சேலம் பக்கத்துத் தாது, விறகுக் கரி, ஊது உலை என்று ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்சிய தொழிற்சாலை. இந்தியாவிலேயே அப்படிப்பட்ட ஆலைகளில் அது முன்னோடி. இயந்திரப் பிரியரான எட்மோன் அதைப் பார்க்காமல் போவாரா?

போனார். சுற்றிப் பார்த்துக் கொண்டிருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பற்சக்கரத்தில் இடது கை சிக்கிக்கொண்டது. கையைக் காப்பாற்ற முடியவில்லை. வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்யும் வழக்கம் 1846-க்குப் பிறகுதான் உலகில் பரவியது. எட்மோனுக்கு விபத்து நடந்தது அதற்கு முன்பே. மற்றதை ஊகித்துக் கொள்ளலாம்.

ஒரு கையால் எப்படி?

யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். அப்படித் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். எட்மோன் கப்பலிலேயே இருந்தார். பயணம் 1840 வரை நீண்டது. நடுவில் தாஹிதித் தீவின் பவளப்பாறையில் ஆர்தெமிஸ் மோதி, பழுது பார்க்க வாரக்கணக்கில் நிற்க வேண்டியும் வந்தது. அத்தனைக்கும் நடுவில் அவர் படகுகளை வரைந்துகொண்டே வந்தார்.

வரைவதற்கு வலது கை இருக்கிறது, சரி. ஆனால் அவர் செய்தது வெறும் வரைதல் இல்லையே! அளவுக் கயிற்றின் ஒரு முனையை ஒரு கை பிடிக்க வேண்டும், மறுமுனையை இன்னொரு கை இழுக்க வேண்டும். ஆடுகிற படகுக்குள் இறங்க வேண்டும், ஏற வேண்டும். காற்றில் படபடக்கிற காகிதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் ஜன்னல் திரைச்சீலைக்கு அளவெடுக்கும்போது, டேப்பின் அந்த முனையைப் பிடிக்க ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிறோம். அதை நினைத்துப் பார்த்தாலே அந்த வேலையின் சிரமம் புரியும்.

ஊர் திரும்பியதும் 1840-களின் தொடக்கத்தில் அந்தப் பெரும் புத்தகம் பாரிஸில் வெளியானது. ஐரோப்பியர் அல்லாத மக்களின் கப்பல் கட்டும் கலை பற்றியது. 130-க்கும் மேற்பட்ட படத்தகடுகள். மூன்று பயணங்களிலும் வரைந்து, அளவெடுத்த படகுகள் இவை என்று புத்தகத்தின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். சீனத்து ஜங்க், அரபு நாட்டு தோவ், பசிபிக் தீவுகளின் ஓடங்கள் என்று உலகத்துப் படகுகள் எல்லாம் வரிசை கட்டிய அந்தப் புத்தகத்தில், நம் கரையின் சலங்கும் கட்டுமரமும் தோணியும் சரிசமமாக இடம் பிடித்தன.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் பலருக்கு, மற்ற நாட்டுப் படகுகள் வேடிக்கைப் பொருள்கள். எட்மோன் அவற்றைத் தொழில்நுட்பமாகப் பார்த்தார். இந்தக் கடலுக்கு, இந்த மணலுக்கு, இந்தக் காற்றுக்கு இந்த வடிவம்தான் சரி என்று அவற்றைக் கட்டியவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதைப் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நீராவிக்காரர் காப்பாற்றிய பாய்மரம்

பின்னாளில் எட்மோன் நீராவிக் கப்பல்களுக்குக் கேப்டன் ஆனார். பாய்மரமும் நீராவியும் சேர்ந்த கடல் அகராதி ஒன்றை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். கப்பலைத் தள்ளும் சுழல்விசிறி பற்றியும் நூல் எழுதினார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் உறுப்பினர், துணை அட்மிரல் என்று உயர்ந்தார்.

தன் கையைத் தின்ற இயந்திரத்தின் மேல் அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று நன்றாகவே புரிந்திருந்தது. நீராவி ஜெயித்தால், தான் வரைந்த படகுகள் எல்லாம் தோற்கும். எந்த மாற்றத்துக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தாரோ, அந்த மாற்றம் அழிக்கப்போகிறவற்றையும் அவரே எழுதி வைத்தார்.

1871-ல் பாரிஸின் லூவர் மாளிகையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். 1893-ல் 87 வயதில் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அங்கே அவர் செய்த வேலை முக்கியமானது. தான் எடுத்த அளவுகளை வைத்து, படகுகளுக்குச் சிறு மாதிரிகள் செய்ய வைத்தார். அளவு துல்லியமாக இருந்ததால்தான் அது முடிந்தது. வெறும் அழகுப் படமாக இருந்திருந்தால் முடிந்திருக்காது.

அவருடைய நீர்வண்ண ஓவியங்களும் மாதிரிகளும் இன்று பாரிஸ் தேசியக் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2010-ல் 'உலகத்துப் படகுகள் எல்லாம்' என்ற பொருளில், அவருடைய படைப்புகளுக்காகவே அங்கே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது.

பரங்கிப்பேட்டை உருக்காலை 19-ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோன கதை. எட்மோனின் காலத்தில் புதுமையின் உச்சமாக இருந்தது அந்த ஆலை. பழசு என்று கருதப்பட்டது சலங்கு. இன்று இரண்டுமே இல்லை. ஆனால் சலங்கை மறுபடி கட்ட வேண்டுமானால், அளவு இருக்கிறது.

பாக் விரிகுடாவின் வத்தை

எட்மோன் வந்த மாதிரிப் பெரிய போர்க்கப்பல்கள் ராமேஸ்வரம் பக்கம் நுழைய முடியாது. பாக் நீரிணை ஆழமில்லாதது. நடுவில் மணல்திட்டுகள் வேறு. பெரிய கப்பல் என்றால் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். பாம்பன் வழி, சின்னத் தோணிகளின் வழி. அதை ஆழப்படுத்த முடியுமா என்று 1822-லேயே ஆய்வு நடந்தது. அந்த வேலையில் இருந்த இளம் பொறியாளர், பின்னாளில் காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிப் புகழ்பெற்ற ஆர்தர் காட்டன்!

ஆழமில்லாத கடல் என்றால் அதற்கு ஏற்ற படகு வேண்டுமே? அதுதான் வத்தை. அடிப்பாகம் தட்டையாக இருக்கும். பாய் பெரிதாக இருக்கும். தட்டை அடிக்குப் பெரிய பாய் என்றால் காற்றில் கவிழ்ந்துவிடாதா? அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். படகின் குறுக்கே ஒரு நீளப் பலகையைக் காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டுவார்கள். காற்று வலுத்தால், ஆட்கள் அந்தப் பலகையில் நகர்ந்து போய் உட்காருவார்கள். மனிதர்களே பாரம்! காற்று தணிந்தால் உள்ளே நகர்ந்து வருவார்கள்.

மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் வடிவங்கள் பற்றி 1920-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1990-களில் பிரிட்டிஷ் கடல் தொல்லியலாளர்கள் தமிழகக் கரைக்கு வந்து வத்தையை அளந்தார்கள். ஓர் ஆச்சரியம் அவர்களுக்குக் காத்திருந்தது. காகித வரைபடம் இல்லாமல் கட்டிய நம் ஆசாரிகளிடம், படகின் விலாச் சட்டங்களை ஒவ்வொன்றாக அளவிட்டு வடிவமைக்கும் கணக்கு ஒன்று இருந்தது. முதலில் சட்டம், பிறகு பலகை. 'கண்ணளவு' என்று நாம் சொல்லிவிட்டுப் போகிற விஷயத்துக்குப் பின்னால், தலைமுறை தலைமுறையாக வந்த வடிவியல்!

எட்மோன் ஒரு கையால் தொடங்கிய வேலையின் தொடர்ச்சிதான் இதெல்லாம். ஆனால் மூன்று பேருமே வெளியிலிருந்து வந்தவர்கள். வந்து, அளந்து, எழுதிவிட்டுப் போனவர்கள். கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

டேப்பின் மறுமுனை

மாற்றத்தைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. ஃபைபர் படகு இலேசானது, பராமரிப்பு குறைவு, இயந்திரம் பூட்டினால் சீக்கிரம் போய் வரலாம். கடலில் உயிரைப் பணயம் வைக்கிறவருக்கு அதெல்லாம் பெரிய விஷயம். பாயை விரித்துக்கொண்டு பழைய வத்தையில் போங்கள் என்று கரையில் நிற்கிறவர் சொல்ல முடியாது. நீராவி வேண்டாம் என்று எட்மோனும் சொல்லவில்லை. போவதற்கு முன்னால் அளவெடுத்து வைத்தார், அவ்வளவுதான்.

அதற்கு இன்று கப்பல் ஏறி உலகம் சுற்ற வேண்டியதில்லை. பாம்பனிலோ மண்டபத்திலோ தொண்டியிலோ, கரையில் கவிழ்த்துப் போட்ட பழைய மரப்படகு ஒன்று கண்ணில் படலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கட்டும், தாத்தா மறுமுனையைப் பிடிக்கட்டும். நீளம், அகலம், உயரம். ஒவ்வொரு பாகத்துக்கும் தாத்தா சொல்கிற பெயர். பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம். பிறகு நிதானமாக உட்கார்ந்து, பத்து ரூபாய் வண்ணப் பெட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அந்தப் படகின் நிறத்தைப் பூசலாம்.

அடுத்த முறை பாம்பன் பாலத்தில் இறங்கி நிற்கும்போது, செல்போனைக் கொஞ்சம் கீழே திருப்பிப் பாருங்கள். பாலத்துக்கு ஆயிரம் வரைபடம் உண்டு. அதன் கீழே நிற்கிற படகுக்கு?